ஒன்றை மட்டும் மாற்று

ஒரு நூலின் நுனியில் ஒரே ஒரு வாஷர். அதே நீளமுள்ள இன்னொரு நூலில் ஐந்து வாஷர்கள். இரண்டையும் ஒரே அளவு இழுத்து ஆடவிட்டால் எது சீக்கிரம் போய்த் திரும்பும்? கிள்ளானில் ஏதாவது ஒரு தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். "கனமானதுதான் டீச்சர்!" என்று ஒரு மூலையிலிருந்து சத்தம் வரும். "லேசானதுதான், அதைத்தான் காத்து தள்ளும்" என்று இன்னொரு மூலை மறுக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல ஓரிருவர் இருந்தாலும் அந்தக் கூச்சலில் அவர்கள் குரல் எடுபடாது.

விடை ஆசிரியருக்குத் தெரியும். அதை அப்போதே சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துபோகும். அதனால் நல்ல ஆசிரியர் வெண்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, யார் யார் எந்தப் பக்கம் என்று கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையை எழுதிவைப்பார். பிறகு ஒவ்வொருவரும் தம் முன் அனுமானத்தையும் அதற்கான காரணத்தையும் பயிற்றியில் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது. முடிவு தெரிந்த பிறகு அழித்துவிட்டு "நான் முதல்லயே சொன்னேன்" என்று யாரும் சொல்ல வழி இருக்கக் கூடாது. அறிவியல் முறையின் முதல் ஒழுக்கம் இதுதான்: அளப்பதற்கு முன்பே வாய் விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

தேவையான பொருள்களைச் சில ரிங்கிட்டில் வாங்கிவிடலாம். தையல் நூல், ஹார்ட்வேர் கடை வாஷர்கள், காகிதக் கிளிப், அடிக்கோல், செலோடேப். நேரம் பார்க்க ஆசிரியரின் கைப்பேசியே போதும். மேசை விளிம்பில் அடிக்கோலைப் பாதி வெளியே நீட்டி, மேலே நான்கைந்து புத்தகங்களை அடுக்கி அசையாமல் வைக்கிறார்கள். கோலின் நுனியில் நூலைக் கட்டி, அதன் கீழ்முனையில் கிளிப்பை வளைத்துக் கொக்கியாக மாட்டுகிறார்கள். கட்டிய இடத்திலிருந்து வாஷரின் நடுப்பகுதி வரை 25 சென்டிமீட்டர். வாஷரை ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பக்கவாட்டில் இழுத்து, தள்ளிவிடாமல், விரலை மட்டும் எடுக்க வேண்டும். போய்த் திரும்பினால் ஓர் அலைவு. அப்படிப் பத்து அலைவுகளுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும்.

ஏன் பத்து? ஓர் அலைவை அளந்தால் போதாதா என்று யாராவது கேட்டால் அந்தப் பிள்ளையைப் பாராட்ட வேண்டும். கண் பார்த்த பிறகு விரல் கடிகாரத்தை அழுத்துவதற்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. 25 சென்டிமீட்டர் ஊசலின் ஓர் அலைவு 1 வினாடிதான். ஒன்றை மட்டும் அளந்தால் பிழை ஐந்தில் ஒரு பங்கு. பத்தை அளந்து பத்தால் வகுத்தால் அதே பிழை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கருவியை மாற்றவில்லை, காசு செலவழிக்கவில்லை, அளக்கும் விதத்தை மாற்றியதற்கே இவ்வளவு பலன்.

முதல் சுற்று முடிந்ததும் குழுக்களின் எண்கள் வெண்பலகைக்கு வருகின்றன. 9.9, 10.2, 10.0, 10.1. நடுவில் ஒரு குழு மட்டும் 9.0 என்று எழுதும். பெரும்பாலும் எழுதும், ஏனென்றால் அது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை. வாஷரை விடும்போதே "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். "பத்து" என்று முடிக்கும்போது நடந்திருப்பது ஒன்பது அலைவுகள்தான். இங்கே ஆசிரியர் "தப்பு, மறுபடியும் செய்" என்று சொன்னால் பிள்ளைகள் பக்கத்துக் குழுவின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். "நீங்கள் எப்படி எண்ணினீர்கள்? எல்லாருக்கும் செய்து காட்டுங்கள்" என்றால், அவர்களே பாதி வழியில் கண்டுபிடித்துச் சிரித்துவிடுவார்கள். விடும்போது "சுழியம்" என்று தொடங்க வேண்டும் என்ற விதி அந்த வகுப்பின் சொந்தக் கண்டுபிடிப்பாகிவிடும்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. ஐந்து வாஷர்களை எப்படித் தொங்கவிடுவது? ஒரே கொக்கியில் ஐந்தையும் சேர்த்து மாட்டிய குழுவுக்கு நேரம் மாறாது, அதே 10 வினாடி. ஆனால் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்ட குழுவுக்கு முக்கால் வினாடி அளவுக்குக் கூடுதலாகவே வரும். "கனம் கூடினால் மெதுவாக ஆடுகிறது" என்று அவர்கள் உறுதியாக எழுதுவார்கள். அளந்ததில் குற்றமில்லை, கணக்கிலும் குற்றமில்லை. ஆனாலும் முடிவு தவறு. 2 சென்டிமீட்டர் அகலமுள்ள வாஷர்கள் ஐந்தைக் கீழ்நோக்கி அடுக்கும்போது எடையின் மையம் 4 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது அவர்கள் எடையை மட்டும் மாற்றவில்லை, தமக்குத் தெரியாமலே ஊசலின் நீளத்தையும் மாற்றிவிட்டார்கள். இரண்டு மாறிகள் ஒன்றாக மாறும்போது எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு தவறு நடக்காத வகுப்பில் ஆசிரியரே ஒரு குழுவிடம் சொல்லி அதை நடக்க வைக்கலாம். அவ்வளவு மதிப்புள்ள தவறு அது.

கூரையில் சுற்றும் மின்விசிறியையும் மறந்துவிடக் கூடாது. கிள்ளான் வெயிலில் அதை நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஆனால் அதற்கு நேர்கீழே உட்கார்ந்த குழுவின் ஊசல் நேராக ஆடாமல் வட்டமடிக்கத் தொடங்கும். விசிறியை எல்லாருக்கும் நிறுத்த வேண்டும், அல்லது எல்லாரும் விசிறியை விட்டுத் தள்ளி உட்கார வேண்டும். சிலருக்கு மட்டும் சலுகை கிடையாது.

அடுத்தது நீளம். 25 சென்டிமீட்டருக்கு 10 வினாடி என்றால் 50 சென்டிமீட்டருக்கு எவ்வளவு? இந்த முறை வகுப்பில் கருத்து வேறுபாடே இருக்காது, எல்லாரும் 20 என்பார்கள். அளந்தால் 14 வினாடிதான் வரும். கடிகாரம் சரியில்லை என்று சிலர் மறுபடி அளப்பார்கள், மறுபடியும் 14. அப்படியானால் 20 வினாடி எப்போது வரும்? 75 வைத்துப் பார்த்தால் பதினேழரைக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். 100 சென்டிமீட்டருக்கு நூலை நீட்டி, அடிக்கோலை அலமாரி உச்சிக்கு ஏற்றிய பிறகுதான் 20 கிடைக்கும். நேரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் நீளம் நான்கு மடங்காக வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு வர்க்கமூலம் தெரிய வேண்டியதில்லை. தாங்கள் ஒருமனதாக நம்பிய ஒன்றை ஒரு நூல் பொய்யாக்கிவிட்டது என்பது தெரிந்தால் போதும்.

இழுக்கும் தூரத்தை மாற்றினால்? கலிலியோ 1602ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே, அகலமாக ஆடினாலும் குறுகலாக ஆடினாலும் ஊசலுக்கு ஒரே நேரம்தான் ஆகும் என்று வாதிட்டிருந்தார். சின்னச் சின்ன ஆட்டங்களுக்கு அது ஏறக்குறைய சரி. ஆனால் நூலை 60 பாகை வரை தூக்கி விட்டால் அலைவு நேரம் சுமார் 7 விழுக்காடு நீள்கிறது. அந்த நூற்றாண்டிலேயே டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் இதைக் கணித முறையில் ஆராய்ந்து, 1673இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கிவிட்டார். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கவனமாக அளந்து, அகல ஆட்டத்துக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வந்தது என்று சொன்னால், அவள் கலிலியோவைவிடச் சரியாகச் சொல்கிறாள். ஆசிரியர் "புத்தகத்தில் அப்படி இல்லையே" என்று அவளை உட்கார வைத்துவிடக் கூடாது. உலகிலேயே பெரிய பெயரையும் கையிலிருக்கும் அளவீட்டையும் ஒரே தராசில் வைக்கலாம் என்பதை அவள் அந்த நொடியில்தான் கற்றுக்கொள்கிறாள்.

மலேசியத் தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் இதற்கெல்லாம் பெயர்கள் உண்டு. அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் பன்னிரண்டு. உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல், முன் அனுமானித்தல் என்று தொடங்கி, மாறிகளைக் கட்டுப்படுத்துதல், கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல் என்று முடிகிறது பட்டியல். நாமாக மாற்றுவது தற்சார்பு மாறி. அதனால் மாறுவது சார்பு மாறி. மாறாமல் பிடித்து வைப்பது கட்டுப்படுத்தப்பட்ட மாறி. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இந்தச் சொற்களைச் சரளமாகச் சொல்வார்கள். நல்ல தமிழில், தெளிவான பொருளோடு இப்படி ஒரு கலைச்சொல் தொகுதி பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்திருப்பது பெரிய கொடை.

கொடையைத் தேர்வு கொஞ்சம் வீணடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2021இல் நிறுத்தப்படும் வரை யு.பி.எஸ்.ஆர். தேர்வின் அறிவியல் தாளில் ஒரு பரிசோதனையின் படமும் அட்டவணையும் கொடுத்து மாறிகளை எழுதச் சொல்வார்கள். பயிற்சி வகுப்புகள் அதற்கு ஒரு சூத்திரத்தையே உருவாக்கின. அட்டவணையின் முதல் பத்தியில் இருப்பது தற்சார்பு மாறி, அடுத்ததில் இருப்பது சார்பு மாறி. "இது அதிகரிக்க அதிகரிக்க அது அதிகரிக்கிறது" என்று எழுதினால் கருதுகோள் தயார். ஊசலையே கண்ணால் பார்க்காத பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்கலாம். வாங்கினார்கள். தேர்வு போய்விட்டது, சூத்திரம் பல வகுப்புகளில் இன்னும் இருக்கிறது.

அந்தச் சொற்கள் வெறும் தேர்வுச் சொற்கள் இல்லை என்று பிள்ளைகளுக்குக் காட்ட கலிலியோவின் இத்தாலி வரை போக வேண்டியதில்லை. கிள்ளானிலிருந்து ரயில் ஏறி ஒரு மணி நேரம் பயணம் செய்தால் போதும். மாறிகளைக் கட்டுப்படுத்திச் செய்த உலகப் புகழ்பெற்ற மருத்துவப் பரிசோதனை ஒன்று கோலாலம்பூரில்தான் நடந்தது. அதில் மாற்றப்பட்ட ஒரே பொருள், தமிழர் வீட்டுப் புழுங்கல் அரிசி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை பெரிபெரி நோய் ஆட்டிப்படைத்தது. கால் வீங்கும், மரத்துப்போகும், நடக்க முடியாமல் போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். தகரச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கிருமியா, ஈரமான தரையா, கெட்ட காற்றா என்று மருத்துவர்களுக்குள் சண்டை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய வில்லியம் லியோனர்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களை நோய் வாட்டியது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அப்படியே. சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கல். மலாய்க்காரர்கள் வீட்டிலேயே அவ்வப்போது குத்திய அரிசி.

இது அருமையான உற்றறிதல். ஆனால் இதை வைத்து அரிசிதான் காரணம் என்று முடிவு கட்டலாமா? வாஷர்களைக் கீழ்நோக்கி அடுக்கிய குழுவுக்கு நேர்ந்ததே இங்கும் நேரலாம். சீனத் தொழிலாளிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இடையே அரிசி மட்டுமா வேறுபாடு? ஒருவர் சுரங்கத்தில், மற்றவர் ரப்பர்க் காட்டில். கொங்சி வீடு ஒன்று, லயன் வீடு ஒன்று. தொட்டுக்கொள்வதும் வேறு, ஒருவர் தட்டில் பருப்பு, மற்றவர் தட்டில் வேறொன்று. பத்து மாறிகள் ஒன்றாக மாறிக் கிடக்கின்றன.

1905 டிசம்பர் 5ஆம் நாள் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அங்கிருந்த நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்கு. அவர்களுக்கு முன்புபோலவே சயாம் பச்சரிசி. இரட்டைப்படைக்காரர்கள் மேற்கு வார்டுக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடு இரு தரப்புக்கும் ஒன்றே. ஊர் ஒன்றே, முற்றமும் ஒன்றே. அரிசி மட்டும் வேறு.

விளையாட்டுக்கு அணி பிரிக்க மாணவர்களை "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண வைப்பது எல்லாப் பள்ளித் திடலிலும் நடப்பதுதான். ஃபிளெட்சர் செய்ததும் அதுவே. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களையெல்லாம் தம் விருப்பப்படி ஒரு பக்கம் சேர்க்க மருத்துவருக்கு அதில் வழியில்லை. குலுக்கல் முறையில் எண்களைத் தேர்ந்து நோயாளிகளைப் பிரிக்கும் இன்றைய வழக்கம் பல பத்தாண்டுகள் கழித்து, 1948இல் பிரிட்டனில் வெளியான காசநோய் மருந்து ஆய்வுக்குப் பிறகே வேரூன்றியது. அதை நினைத்தால் கோலாலம்பூர்க் கொட்டகையில் நின்ற அந்த வரிசையின் முக்கியத்துவம் புரியும்.

1906 முடிவில் கணக்குப் பார்த்தபோது, பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு பெரிபெரி. 18 பேர் இறந்துவிட்டார்கள். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் நோய் கண்டவர்கள் இருவர். அந்த இருவரும் காப்பகத்துக்கு வரும்போதே அந்நோயோடு வந்தவர்கள். இறந்தவர் எவரும் இல்லை.

ஆனால் கிழக்கு வார்டே நோய் பிடித்த இடமாக இருந்தால்? வார்டும் இங்கே ஒரு மாறிதானே? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுப் பார்க்கலாம். சிலர் தாமாகவே விடையைக் கண்டுபிடிப்பார்கள்: இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ஃபிளெட்சரும் ஆண்டின் நடுவில் அதையே செய்தார். இரு தரப்பும் வார்டு மாறின. நோய் வார்டில் தங்கிவிடவில்லை, பச்சரிசியின் பின்னாலேயே போனது.

1907 ஜூனில் லான்செட் இதழில் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அதில் உறுதியாக இருந்தது. ஏன் என்பது இல்லை. வெள்ளை அரிசியில் நஞ்சு இருக்கிறதா, ஏதோ ஒரு சத்து இல்லையா என்பதை அந்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. நடந்தது ஒன்று, அதிலிருந்து ஊகிப்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும் என்று பயிற்றியில் கோடு போடுவது இதற்காகத்தான்.

மிச்ச வேலையைக் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் எடுத்துக்கொண்டது. ஹென்றி ஃபிரேசரும் அம்புரோஸ் தாமஸ் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானின் துரியான் திப்புஸில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு தரப்பாகப் பிரித்தார்கள். வெள்ளை அரிசித் தரப்பில் சில மாதங்களில் பெரிபெரி வந்தது. அரிசியை இடம் மாற்றினார்கள். இப்போது அந்தத் தரப்பில் நோய் நின்றது, மறு தரப்பில் தொடங்கியது. பிறகு கோழிகளை வைத்து ஆராய்ந்து, தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் அந்தக் காக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள். படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் எய்க்மன் கோழிகளிடம் முன்பே கண்டிருந்ததோடு இது இணைந்தது. 1910இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவர்கள், தீட்டிய வெள்ளை அரிசியைத் தொடர்ந்து உண்பதே பெரிபெரியோடு தொடர்புடையது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தப் பொருளை இன்று தயமின் என்கிறோம், வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் இன்றும் இட்லிக்கென்று வாங்கிப் போகும் புழுங்கல் அரிசி, ஒரு தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர்களின் காலைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. அந்த 18 பேரும் மனிதர்கள். மனநோயாளர்கள். சம்மதம் என்று ஒன்று கேட்கப்படவும் இல்லை, கேட்டாலும் மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. துரியான் திப்புஸ் தொழிலாளர்களும் குடியேற்ற ஆட்சியின் கூலிகள். இன்று எந்த நாட்டின் ஆய்வு நெறிக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. வாஷரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டலாம். மனிதர்களை வைத்துச் செய்யும் எதற்கும் முதலில் அவர்களுடைய சம்மதம் வேண்டும். பக்கத்து இருக்கைத் தோழியின் நாடித் துடிப்பை எண்ணுவதற்கும் கேட்டுவிட்டுத்தான் கையைப் பிடிக்க வேண்டும். இதுவும் அறிவியல் முறையின் பாடம்தான், கடைசிப் பக்கத்தில் வைக்க வேண்டிய பாடம் இல்லை.

கிள்ளானுக்கே சொந்தமான ஒரு சான்றும் உண்டு. மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தபோது ஊரே மலேரியாவில் படுத்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்றைய போர்ட் கிள்ளானை, மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்குக் காய்ச்சல். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பை வடிக்கவும் காட்டை வெட்டவும் சொன்னார். இரு ஊர்களிலிருந்தும் மலேரியாவுக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் 1901இல் ஐந்நூறுக்கு மேல். 1902இல் 199. 1905இல் 23.

நல்ல செய்தி. ஆனால் கூர்மையான மாணவன் கேட்பான்: மலேரியா எல்லா இடத்திலும் தானாகவே குறைந்திருந்தால்? அதற்கும் வாட்சனிடம் எண்கள் இருந்தன. வாய்க்கால் வெட்டாத சுற்றுப்புறங்களிலிருந்து 1902இல் வந்தவர்கள் 204 பேர், 1905இல் வந்தவர்கள் 353 பேர். ஊருக்குள் குறைந்த அதே காலத்தில் ஊருக்கு வெளியே கூடியிருக்கிறது. ஒப்பிட ஒன்று இல்லாமல் 23 என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது.

அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. கடலோரச் சமவெளியில் வெற்றி கண்ட அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் தோற்றது. காட்டை வெட்டிய இடங்களில் மலேரியா கூடியது. கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு நிழலான சதுப்பில் முட்டையிடுவது. மலையடிவாரத்தில் பரப்பியதோ வெயில் படும் தெளிந்த ஓடைகளை விரும்பும் வேறோர் இனம். மரத்தை வெட்டியதால் வெயில் இறங்கி அதற்கு வசதியாகிவிட்டது. வாட்சன் தம் முதல் வெற்றியைப் பிடித்துத் தொங்கவில்லை. எந்த இனக் கொசு எங்கே வளர்கிறது என்று தேடிப்போய், இடத்துக்குத் தக்கபடி முறையை மாற்றினார். ஊசலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. சின்ன ஆட்டத்துக்குப் பொருந்தும் விதி பெரிய ஆட்டத்துக்குப் பொருந்தவில்லையே. ஒரு முடிவை எழுதும்போது அது எதுவரை செல்லும் என்பதையும் சேர்த்து எழுதப் பிள்ளைகளைப் பழக்கினால், பெரியவர்களான பிறகு வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் குறிப்புகளை அப்படியே மற்றவர்களுக்கு அனுப்பமாட்டார்கள் என்று நம்பலாம்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இந்த வழியில் ஏற்கெனவே நல்ல வேலை நடக்கிறது. அஸ்தி எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக அறிவியல் விழா நடத்திவருகிறது. பிள்ளைகள் தாங்களே செய்த பரிசோதனைகளோடு வந்து நடுவர்களின் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கிள்ளான் சிம்பாங் லீமாவைப்போல் பெரிய பள்ளியும் உண்டு, தோட்டப்புறத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மாணவர்கள் உள்ள பள்ளியும் உண்டு. ஊசல் பரிசோதனைக்கு அந்த வேறுபாடு கிடையாது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலும் நூல் இருக்கும்.

விழாவுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பெற்றோர் செய்யும் ஓர் உதவி மட்டும் வேண்டாம். அட்டையும் வண்ணமும் வாங்கிக் கொடுங்கள், வாஷரைத் தேடி ஹார்ட்வேர் கடைக்குக் கூட்டிப்போங்கள், ஆனால் முடிவை நீங்கள் எழுதாதீர்கள். ஒழுங்கற்ற எண்களோடு பிள்ளை நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். "எல்லாம் 10.0 என்று போட்டுவிடு, நடுவருக்குப் பிடிக்கும்" என்று சொல்லத் தோன்றும். உண்மையாகக் கையால் அளந்தவருக்கு எல்லாமே 10.0 வருவதில்லை. அனுபவமுள்ள நடுவர் அந்த அட்டவணையைப் பார்த்த உடனே சந்தேகப்படுவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஊசலை ஒரே பாடவேளையில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் பிள்ளைகள் தவறாக எண்ணட்டும், வாஷர்களைக் கீழ்நோக்கி அடுக்கட்டும், விசிறிக்கடியில் உட்காரட்டும். வந்த எண்களை அப்படியே வெண்பலகையில் விட்டு வையுங்கள். அடுத்த பாடவேளையில் அந்த எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர்களே பேசி, எதையெல்லாம் மாறாமல் பிடித்து வைக்க வேண்டும் என்ற பட்டியலை அவர்களே எழுதி, மறுபடி அளக்கட்டும். மதிப்பெண் போடும்போது முன் அனுமானம் சரியாக இருந்த பயிற்றிக்கும் தவறாக இருந்த பயிற்றிக்கும் வேறுபாடு காட்டாதீர்கள். அளந்ததை அளந்தபடி எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.